பைன் கன்றுக்கு மூட்டம் போட்ட கதை

வாழைக்காய் மண்டிக்காரன் மகன் எந்த ஊருக்கு ஓடினாலும், அவனுக்கு முன்னாலேயே அவன் சட்டை வாசம் போய்ச் சேர்ந்துவிடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஏரலில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, நீலகிரிக்கு ஓடப் பார்த்து, மறுபடியும் ஏரலிலேயே வந்து உட்கார்ந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் மூட்ட அறை. இதுதான் எங்கள் சொத்தின் அமைப்பு. (மூட்டம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பச்சைத் தார்களைக் காற்றுப் புகாத அறையில் அடுக்கி, ஓரத்தில் ஒரு சட்டியில் நெருப்பு வைத்துப் புகை போட்டு, கதவைச் சாத்திவிடுவோம். திறக்கும்போது எல்லாம் பழுத்து மஞ்சளாக இருக்கும். எங்கள் வீட்டில் சாமி அறைக்கு அடுத்த மரியாதை அந்த அறைக்குத்தான்.) அந்த வாசம் என் சட்டையில், பள்ளிக்கூடப் பையில், பரீட்சை அட்டையில் எல்லாம் ஏறியிருந்தது. பள்ளியில் எனக்கு வைத்த பெயர் 'சீப்பு'. வாத்தியார்கூட வருகைப்பதிவு எடுக்கும்போது ஒருமுறை அப்படியே கூப்பிட்டு, நானும் 'உள்ளேன் ஐயா' சொல்லியிருக்கிறேன்.

அதனால் தாவரவியல் எம்.எஸ்சி. சேர்ந்தபோது ஒரே ஒரு சபதம் எடுத்தேன். வாழை தவிர எதை வேண்டுமானாலும் படிப்பது. அந்த வருடம் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். அங்கே பைன் மரக்காட்டைப் பார்த்தேன். நெட்டையாக, வரிசையாக, குளிராக, யாருக்கும் ஒரு காயும் தராமல் நின்றுகொண்டிருந்தன. இதுதான் என் மரம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் வந்து சொன்னேன்.

"பழம் உண்டாலே?" என்றார் அப்பா.

"பழம் கிடையாதுப்பா. கூம்பு உண்டு."

"கூம்ப எவன்லே வாங்குவான்?"

"வாங்கதுக்கு இல்லப்பா. ஆராய்ச்சி."

அப்பா தராசுத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எந்தத் தட்டிலும் நிற்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

என் ஆராய்ச்சி இதுதான். மலையில் நடும் பைன் கன்று ஒல்லிக்குச்சியாக இருந்தால் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும். தண்டு தடித்திருந்தால் பிழைக்கும். செடிக்குள் இருக்கும் ஹார்மோன்கள் இந்தத் தடிப்பை எப்படி நடத்துகின்றன என்று பார்க்க வேண்டும். அதை ஒரு குடும்பமாக நினைத்துக்கொண்டால் எளிது. ஆக்சின் என்பவர் உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு கீழே உத்தரவு அனுப்பும் பெரியப்பா. அவர் உத்தரவு வந்தால்தான் தண்டுக்குள் இருக்கும் வளர்படலம் புதுக்கட்டையைச் சேர்க்கும். ஜிப்ரெலின் என்பவர் "வளரு, வளரு, எட்டிப் பாரு" என்று உசுப்பிவிடும் மாமா. எத்திலீன் மட்டும் அத்தை மாதிரி. "வளர்ந்தது போதும், வத்தலா நிக்கியே, கொஞ்சம் சதை போடு" என்று சொல்லும். எத்திலீன் ஒரு வாயு. அதைத் தரும் மருந்தைப் பாதிக் கன்றுகளுக்குத் தெளித்தால் அவை குட்டையாகத் தடிக்க வேண்டும். மீதிக் கன்றுகளுக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா வைக்க வேண்டும். அவற்றுக்குப் பெயர் கண்ட்ரோல். கடைசியில் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

என் வழிகாட்டிப் பேராசிரியை கண்டிப்பானவர். ஆனால் என்மேல் ஏதோ நம்பிக்கை வைத்திருந்தார். (ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.) வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகிறவர் நீலகிரியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர், ஊசியிலை மரங்களில் பெரிய ஆள், நன்றாகச் செய்தால் தன்னிடமே ஆராய்ச்சி மாணவனாகச் சேர்த்துக்கொள்வார், ஓர் இடம்தான் இருக்கிறது என்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குளிர். ஸ்வெட்டர். பைன். வாழை இல்லாத ஊர்!

வீட்டில் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு வியாபாரம் பேசினார்.

"எடம் கெடச்சா போ. நான் தடுக்கல. கெடைக்கலன்னா மறுநா காலையில கல்லாவுல வந்து உக்காரு. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். என் ஜென்மத்தில் நான் செய்த முதல் வியாபாரம் அது. அதிலேயே தோற்றேன்.

முதல் ஈட்டுக் கன்றுகளைக் கல்லூரிக் கண்ணாடிக் கூடத்தில் வைத்தேன். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் கண்ணாடிக் கூடம் என்றால் அப்பளம் பொரிக்கலாம். கன்றுகள் மொத்தமும் கருகிப்போயின. மறுபடியும் மலையிலிருந்து கன்று வரவழைத்து, இந்த முறை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். கிணற்றடியில் நனைந்த சாக்கு கட்டி நிழல் போட்டு மருந்துக் கன்றுகளை வைத்தேன். கண்ட்ரோல் கன்றுகளை எங்கே வைப்பது?

"மருந்து காத்துல வந்து படாத தனி அறையா பாத்து வையிப்பா" என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் கேட்டேன். "ஒரு எடம் வேணும்ப்பா. வெளிக்காத்து வரப்பிடாது. குளுகுளுன்னு இருக்கணும். எலி, பெருச்சாளி அண்டப்பிடாது. ஒண்ணுமே படாம பத்திரமா இருக்கணும்."

வாசிக்கும் நீங்கள் இப்போதே தலையில் அடித்துக்கொள்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் அன்று அடித்துக்கொள்ளவில்லை. அப்பா பெருமையாக மூட்ட அறைக் கதவைத் திறந்து காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டின் ஆகச் சிறந்த இடத்தை என் படிப்புக்காக ஒதுக்கித் தருகிறாரே! தார்களைத் தள்ளி அடுக்கி, தன் கையாலேயே பலகை போட்டு, வெளிச்சத்துக்கு ஒரு குழல் விளக்கு மாட்டி, தொட்டி மண் காயாமல் இருக்க வாழைச்சருகைக் கிழித்து மேலே பரப்பிக்கூடக் கொடுத்தார்.

நான் மடையன் இல்லை. புகை ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால் மூட்டம் போடும்போது மட்டும் கன்றுகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு, புகை அடங்கியதும் திரும்ப உள்ளே வைத்தேன். என்ன ஒரு முன்ஜாக்கிரதை! பழுக்கிற வாழைப்பழம் தானே எத்திலீனை ஊற்று மாதிரி விட்டுக்கொண்டிருக்கும் என்பதை நான் மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பற்றி வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக் கருத்தரங்கம் நடத்திக் கைதட்டு வாங்கியவன் நான். ஆனால் எத்திலீன் என்பது பாளையங்கோட்டையில் இருக்கும் பாடம். வாழைப்பழ வாசம் என்பது ஏரலில் இருக்கும் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம் இருந்தது. அந்தப் பஸ்ஸில் என் மூளை ஏறவே இல்லை.

சில வாரங்களில் வேடிக்கை தொடங்கியது. மருந்தடித்த கன்றுகள் ஏதோ கொஞ்சம் தடித்தன. கண்ட்ரோல் கன்றுகளோ, யாரோ அவற்றுக்கு ரகசியமாகக் கறிச்சோறு போடுவதுபோலத் தடித்தன. வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தேன். கருவி கோளாறு என்று நினைத்துக் கல்லூரியிலிருந்து வேறு கருவி வாங்கி வந்தேன். அதுவும் அதையே சொன்னது. பயந்துபோய் மருந்துக் கன்றுகளுக்கு மருந்தைக் கூட்டினேன். அவை ஊசியிலைகளைத் தொங்கப்போட்டு மஞ்சளடித்து, "எங்கள விட்ருவே" என்பதுபோல நின்றன.

அப்பாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். தினமும் மண்டிக்கு வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்.

"பாத்தேரா அண்ணாச்சி, மலைச்செடி. நம்ம அறையில வச்சதும் என்னமா தெரண்டிருக்கு பாரும்!"

"ஆமா வே. ஒம்ம மவன் கெணத்தடியில வச்சிருக்கது நோஞ்சானால்லா கெடக்கு."

"அவனுக்கு என்ன வே தெரியும். மருந்த ஊத்தி ஊத்திக் கொல்லுதான்."

தேர்வுக்கு முன்னால் ஒரு கண்ட்ரோல் தொட்டியை மட்டும் பஸ்ஸில் கொண்டுபோய்ப் பேராசிரியையிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்ப்பா, இது கண்ட்ரோலா? குஸ்திக்காரன் மாதிரில்லா இருக்கு. தனி அறையிலதான வச்சிருந்த?"

"தனி அறைதான் மேடம். எங்க வீட்டுலயே பத்திரமான அறை."

"அப்ப ஏன் இப்படி ஆச்சு?"

நான் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியலன்னா, தெரியலன்னு அவர்கிட்ட ஒழுங்கா சொல்லிரு. வாயில வந்தத அளக்காத" என்றார். அருமையான அறிவுரை. கேட்டிருக்கலாம்.

தேர்வு நாளன்று தொட்டிகளைக் கொண்டுபோக மண்டியின் குட்டியானை வண்டியையே அப்பா எடுத்தார். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. என்னைவிட அவர்தான் தேர்வு எழுதப்போகிறவர் போல இருந்தார். மலையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், வெறுங்கையோடு பார்ப்பதாவது என்று, மூட்டத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய கோழிக்கூட்டுப் பழத்தில் பழுதில்லாத சீப்பாகப் பார்த்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டார். (கோழிக்கூடு எங்கள் பக்கத்து மணமான ரகம். ஒரு சீப்பை அறையில் வைத்தால் தெருக்கோடி வரைக்கும் தெரியும்.)

தேர்வாளருக்கு வேலைதான் நீலகிரியில், ஆள் கோயம்புத்தூர்க்காரர். சாந்தமான மனிதர். என் தொட்டிகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அப்பா தொட்டி தூக்கி வந்த சாக்கில் வாசலோரமாகவே தாம்பாளத்தோடு நின்றுவிட்டார்.

"தம்பி, மருந்தடிச்சதவிட அடிக்காதது தடிப்பா இருக்குதுங்களே. என்ன காரணமுங்க?"

'தெரியவில்லை சார்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையே அந்த இரண்டு வார்த்தையில் இருந்தது. ஆனால் திருநெல்வேலிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. விளங்காத எதற்கும் எங்களிடம் ஒரே விளக்கம்தான். அல்வா ஏன் ருசி? ஆத்துத் தண்ணி. அரிசி ஏன் ருசி? ஆத்துத் தண்ணி. எங்கள் பேச்சில் நக்கல் ஏன்? அதுவும் ஆத்துத் தண்ணி. நாக்கு தானாகப் புரண்டது.

"தாமிரபரணித் தண்ணீர் சார்."

பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை. பொதிகை மலை மூலிகை, தாது உப்புகள், தாமிரம் என்கிற பெயர்க்காரணம் என்று ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும் போனேன். வாசலில் அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க தம்பி. மருந்தடிச்ச கன்னுக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?"



"அதுவும்... தாமிரபரணிதான் சார்."

"அப்ப அந்தத் தண்ணிக்கு ஆளப் பாத்து வேல செய்யத் தெரியும் போலிருக்குதுங்க."

பேராசிரியை மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. தேர்வாளர் ஒரு கண்ட்ரோல் தொட்டியைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். மூக்கைச் சுளித்தார். மண்மேல் கிடந்த சருகை விரலால் கிளறினார்.

"ஏதோ ஒரு வாசம் வருதுங்களே?"

தன் சரக்கைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது என்று நினைத்த அப்பா, தாம்பாளத்தோடு ஓடி வந்துவிட்டார்.

"பழந்தான் அய்யா! கோழிக்கூடு. ஒங்களுக்குன்னே கொண்டாந்தது. எடுத்துக்கிடணும்."

தேர்வாளர் பழத்தை முகர்ந்தார். தொட்டியை முகர்ந்தார். மறுபடியும் பழத்தை முகர்ந்தார்.

"ஏனுங்க அண்ணா, ரெண்டும் ஒரே வாசமா இருக்குதுங்களே?"

"இருக்காதா அய்யா பின்ன? ஒரே அறையிலல்லா கெடந்துது!" என்றார் அப்பா, ஒரு தகப்பனின் மொத்தப் பெருமையோடும். "நம்ம வாழைக்காய் மண்டி மூட்ட அறை. வெளிக்காத்து ஒரு பொட்டு படாது. ஏத்தன் தாருக்கும் கோழிக்கூட்டுத் தாருக்கும் நடுவுல ராசா கணக்கா வச்சிருந்தோம் அய்யா. பழம் பழுக்கப் பழுக்க, செடியும் சும்மா கிண்ணுனு தெரண்டு வந்துட்டு!"

அந்த நொடியில்தான் என் மூளை, அத்தனை மாதம் கழித்து, அந்தப் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கியது. மருந்துக் கன்றுக்கு நான் எப்போதாவது ஒரு தெளிப்பு தெளித்திருந்தேன். ஒன்றுமே படக்கூடாத கன்றுகளையோ ராவும் பகலும் எத்திலீனிலேயே குடிவைத்திருந்தேன்.

தேர்வாளர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமும் வந்தது. பேராசிரியை நெற்றியை மேசைமேல் வைத்துவிட்டார். அவரும் சிரித்தாரா அழுதாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு அன்றும் இல்லை, பிற்பாடும் வரவில்லை.

அப்பாவுக்கு அப்போதுதான் ஏதோ கோளாறு என்று உறைத்தது. "தப்பாயிட்டா அய்யா?"

"இல்லீங்கண்ணா, இல்லீங்க" என்று தேர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழுக்கற வாழ விடற காத்து இருக்குதுங்க பாருங்க, அதுதான் தண்ட தடிப்பாக்கும். தம்பி நிரூபிக்கோணும்னு நெனச்சதே அதைத்தான். அவரு மருந்துல பண்ண முடியாதத நீங்க பழத்துல பண்ணிப்போட்டீங்க. நாயப்படி பாத்தா மார்க்க உங்களுக்குத்தான் போடோணும்."

அப்பா தாம்பாளத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகூப்பினார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. முழு மனதோடுதான் சொன்னார்.

"எனக்கு எதுக்கு அய்யா மார்க்கு? அத அப்படியே இவன் பேருல ஏத்திருங்க."

ஏற்றினார்கள். தேறினேன். அந்த மார்க்கில் என் பங்கு எவ்வளவு, அப்பா பங்கு எவ்வளவு என்று எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. நீலகிரி இடம் வேறொருவருக்குப் போனது. கிளம்பும்போது தேர்வாளர் என் தோளில் கைவைத்து, "ஒண்ணும் செய்யாம சும்மா வெக்கறதுக்கு ஒரு எடம் வேணுமுங்க தம்பி, அது உங்க ஊட்ல இல்ல" என்றார். கையில் கோழிக்கூட்டுச் சீப்பைக் கவனமாகப் பிடித்திருந்தார்.

திரும்பும் வழியில் அப்பாதான் வண்டி ஓட்டினார். பின்னால் கன்றுகள் குலுங்கிக்கொண்டு வந்தன. ஆழ்வார்திருநகரியில் டீக்கு நிறுத்தினார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ஏலே."

"என்னப்பா?"

"நான் வேணும்னு செய்யல லே."

அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்குப் பாளையங்கோட்டையிலிருந்து அவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. நான் கல்லாவுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். அதனாலேயே தன்னை நான் சந்தேகப்பட்டுவிடுவேனோ என்று வழியெல்லாம் புழுங்கியிருக்கிறார்.

"தெரியும்ப்பா."

"நம்மகிட்ட இருக்கதுல நல்ல எடம்னு நெனச்சித்தான் வச்சேன்."

"தெரியும்ப்பா."

டீயைக் குடித்தார். வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஆனா, நல்லாத்தான் தடிச்சிருக்கு, என்னலே?"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காசை முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கல்லாவில் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது புகைச்சட்டி போய்விட்டது. குளிர்பதன அறை, குழாய் வழியாக எத்திலீன், அளவுகாட்டும் முள் எல்லாம் வந்துவிட்டது. எந்த வாயுவை என் கன்றுகள்மேல் படாமல் காக்கத் தெரியாமல் தோற்றேனோ, அதே வாயுவை அளந்து அளந்து விட்டுத்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறேன். குளிர் வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நடந்துவிட்டது. அந்த அறைக்குள் போகும்போது ஸ்வெட்டர் போடுகிறேன்.

கண்ட்ரோல் கன்றுகளில் ஒன்று மட்டும் பிழைத்துக் கிணற்றடியில் நிற்கிறது. இத்தனை வருடத்தில் என் தோளுக்கு மேல் வளரவில்லை. அடிமரம் மட்டும் உரல் மாதிரி. கிறிஸ்துமஸ் சமயத்தில் மணப்பாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்து குடிலுக்கு ஒரு கிளை ஒடித்துப் போவார். "என்ன அண்ணாச்சி, ஒம்ம மாதிரியே இருக்கு" என்று மரத்தையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்ப்பார். வீட்டில் என்னைக் 'கண்ட்ரோல்' என்று கூப்பிடுவதை அவரும் எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார். கல்யாணமான யாராவது கொஞ்சம் சதை போட்டு வந்தால் எங்கள் குடும்பத்தில் நலம் விசாரிப்பதே, "என்ன, மூட்டத்துல வச்சிட்டாவளா?" என்றுதான்.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கல்லாவுக்கு மேல் படம் மாட்டியிருக்கிறோம். அதே வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. போன வாரம் மண்டிக்குப் புதிதாக வந்த ஒரு வியாபாரி, பக்கத்துச் சுவரில் தொங்கும் என் பட்டச் சான்றிதழை எட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, எம்.எஸ்சி.யா! இங்கன யாரு அவ்வளவு படிச்சது?" என்று கேட்டார்.

நான் அடக்கமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். உள்ளேயிருந்து டீயோடு வந்த அம்மா எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள்.

"அந்தா, படத்துல இருக்காவள்லா, அவுகதான் எம்.எஸ்சி. இவன் தொணைக்குப் போனவன்."